பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம்: நாஷ்வில் கன்ட்ரி இசைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடகர்களே, பாடலாசிரியர்களே, கச்சேரி அமைப்பாளர்களே,

வணக்கம். நாஷ்வில்லிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கும் தமிழன் நான். தற்கொலைத் தடுப்புக்கும் மனநலத்துக்கும் நிதி திரட்ட நடக்கும் கன்ட்ரி இசைக் கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்கி வந்து உட்காருகிறவர்களில் ஒருவன். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களில் சிலருக்கு அனுப்பியிருக்கிறேன். இதே கவலை உள்ள என் மக்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த கச்சேரியில், அரங்கம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, இரண்டு பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் பேசுங்கள். எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதை வேறு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஐந்து நிமிடம், கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு "இனிமேல் எதற்கு இருக்க வேண்டும்" என்று யோசிக்கிற ஒருவருக்கானது. அவரிடம் நேராகப் பேசுங்கள். அவர் வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றியும் பேசுங்கள்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், உங்களிடம் இருப்பது போன்ற காதுகள் வேறு யாரிடமும் இல்லை.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 49,000 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேர் ஆண்கள். 2000-க்கும் 2020-க்கும் இடையே பெருநகரப் பகுதிகளில் தற்கொலை விகிதம் 27 சதவீதம் கூடியது. பெருநகரங்களுக்கு வெளியே 46 சதவீதம் கூடியது. அந்த வெளியில் இருப்பவர்கள் யார்? மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், நெடுந்தூர லாரி ஓட்டுபவர், ராணுவத்திலிருந்து ஊர் திரும்பியவர், மூடிப்போன தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். உங்கள் பாட்டுகளின் நாயகர்கள் அவர்கள்தான். உங்கள் சீட்டை வாங்குகிறவர்களிலும் அவர்கள் நிறைய. டென்னசியில் மட்டும் 2010-க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டிருக்கின்றன. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் பல ஊர்க்காரர்களுக்கு அரை நாள் போய்விடும். போகிற தூரத்தில் இருந்தாலும் பலர் போக மாட்டார்கள். அது வேறு கதை.

என் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி இறந்த பிறகு பேச்சே குறைந்துவிட்டது. "எப்படி இருக்கீங்க" என்றால் "குறை ஒண்ணும் இல்லை" என்ற ஒரே பதில்தான். டாக்டருக்கும் அதே பதிலைத்தான் சொல்வார் என்று அவர் மகள் சொல்கிறாள். ஆனால் அவருடைய பிக்கப் வண்டியில் கன்ட்ரி வானொலி ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். பிடித்த பாட்டு வந்தால் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரி வரை கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். அவர் அப்படிக் காது கொடுத்துக் கேட்கும் மனிதக் குரல் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கச்சேரிக்கு வந்து உட்காரும் ஆயிரம் பேரில் அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். எந்த மருத்துவமனைக்கும் கிடைக்காத மூன்று மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது.

உங்களில் சிலருக்கு இதில் தயக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். கன்ட்ரி இசையையும் தற்கொலையையும் ஒரே மூச்சில் சொல்லி உங்கள்மேல் பழி போட்ட வரலாறு இருக்கிறது. 1992-இல் ஸ்டீவன் ஸ்டாக், ஜிம் கன்ட்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் 49 பெருநகரப் பகுதிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வானொலியில் கன்ட்ரி இசைக்கு அதிக நேரம் கிடைக்கும் ஊர்களில் வெள்ளையர்களின் தற்கொலை விகிதமும் கூடுதல் என்று எழுதினார்கள். மணமுறிவு, குடி, வேலையில் கசப்பு என்று பாட்டெல்லாம் துயரமாக இருப்பது கேட்பவரைப் பாதிக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பு நிற்கவில்லை என்று மறுத்தார்கள். ஆனாலும் 2004-இல் அந்த முதல் ஆய்வுக்கு, விநோதமான ஆய்வுகளுக்கு வேடிக்கையாகத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்து, உலகமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. மறுப்பு யார் காதிலும் விழவில்லை.

சோகப் பாட்டு யாரையும் சாகடிப்பதில்லை என்பதே என் எண்ணம். மனைவி பிரிந்துபோன ஒருவன், தன்னைப்போல் இன்னொருவன் பாடுவதைக் கேட்டுத்தான் அந்த இரவைக் கடக்கிறான். ஆகவே அந்தப் பழியை நினைத்து நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பாட்டுக்கு மனதை அசைக்கும் ஆற்றல் உண்டு என்பதை மட்டும் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆற்றலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு நல்ல சான்று ஒன்று ராப் இசையிலிருந்து கிடைத்திருக்கிறது.

2017-இல் லாஜிக் என்ற ராப் பாடகர், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து '1-800-273-8255' என்று ஒரு பாட்டை வெளியிட்டார். சாக நினைக்கும் ஒருவர் அந்த எண்ணுக்கு அழைக்கிறார், மறுமுனையில் இருப்பவர் பேசுகிறார், அழைத்தவர் பிழைக்கிறார். பாட்டு அவ்வளவுதான். அது வெளிவந்தபோதும், அதே ஆண்டு எம்டிவி விருது மேடையில் பாடப்பட்டபோதும், 2018 கிராமி மேடையில் பாடப்பட்டபோதும் என்ன நடந்தது என்று ஓர் ஆய்வுக்குழு கணக்கெடுத்தது. பாட்டு மக்கள் கவனத்தில் உச்சமாக இருந்த 34 நாட்களில், வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன. எதிர்பார்க்கப்பட்ட எண்ணிக்கையைவிட 245 தற்கொலைகள் குறைந்திருந்தன. 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளிவந்தது. ஒரு பாட்டு, மூன்று தருணங்கள், 245 பேர். இதைப் படித்த நாளிலிருந்துதான் இந்த மடல் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டு ஏன் வேலை செய்தது என்பதற்கு வியன்னா ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் உங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும். மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்தில் பாப்பகேனோ என்று ஒரு பறவை பிடிப்பவன் வருவான். காதலியை இழந்துவிட்டோம் என்று சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து, "உன் மணியை ஆட்டிப் பார்" என்று வேறு வழி காட்டுகிறார்கள். பிழைத்துக்கொள்கிறான். 2010-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, ஒருவர் எப்படி இறந்தார் என்று திரும்பத் திரும்பப் பேசும் செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் கூடுவதுண்டு. சாகும் எண்ணம் வந்த ஒருவர் அதை எப்படிக் கடந்தார் என்று சொல்லும் செய்திகளுக்குப் பிறகோ குறைகின்றன. பாப்பகேனோ விளைவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் உங்கள் மேடைகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. நான் பார்த்த நிதிக் கச்சேரி ஒன்றில், இறந்துபோன கலைஞர் ஒருவருக்கு அஞ்சலி என்று பெரிய திரையில் படங்கள் ஓடின. வயலின் இழைந்தது, அரங்கமே அழுதது. "இப்போது அவர் நிம்மதியாக இருக்கிறார்" என்று ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வலியில் துடித்துக்கொண்டு அதே அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அங்கே போனால் நிம்மதி, போனால் ஆயிரம் பேர் அழுவார்கள் என்றுதானே கேட்டிருக்கும்? பிழைத்து வந்தவர் ஒருவர் கூட அன்று மேடை ஏறவில்லை.

கன்ட்ரி இசை உலகத்துக்கு இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு தினத்தில், 29 வயதில் இறந்ததிலிருந்து, குடித்தும் வதங்கியும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்தான் உண்மையான கலைஞர் என்பது போன்ற ஒரு பிம்பம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. அவர் தற்கொலையால் இறக்கவில்லை, அவருடைய உடலும் உள்ளமும் பட்ட பாடு வேறு. ஆனால் துயரத்தில் கரைந்தவரை மட்டும் கொண்டாடி, துயரத்தோடு எண்பது வயது வரை வாழ்ந்து காட்டியவரைச் சாதாரணமாகக் கடந்துபோவது சரியில்லை. உங்கள் நடுவிலேயே குடியை விட்டவர்கள், மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர்கள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பாடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுங்கள்.

பாடகி நயோமி ஜட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 30 அன்று அவர் இறந்தார். மறுநாள்தான் அவரும் மகள் வைனோனாவும் சேர்ந்து பாடிய 'தி ஜட்ஸ்' இணைக்கு, பெரும் கலைஞர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் தரும் விழா. மகள்கள் இருவரும் கண்ணீரோடு அந்த மேடையில் வந்து நின்றார்கள். தங்கள் தாயை மனநோய்க்குப் பறிகொடுத்ததாகக் குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். புற்றுநோயையோ மாரடைப்பையோ சொல்வது போல ஒரு நோயின் பெயரை மறைக்காமல் சொன்ன அந்தத் துணிவுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். நயோமியே 2016-இல் தன் கடுமையான மனச்சோர்வைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். அவ்வளவு பேசிய பிறகும் நோய் அவரைக் கொண்டுபோனது. அதனால் பேசினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மே 15 அன்று நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் அவருக்கு நடந்த நினைவுக் கூட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பிறகு, தாயின் கடைசி நேர விவரங்கள் அடங்கிய விசாரணை ஆவணங்களைப் பொதுவெளியில் விடாதீர்கள் என்று இளைய மகள் ஆஷ்லி ஜட் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அந்தக் குடும்பத்தின் வேண்டுகோள் ஒவ்வொரு மேடைக்கும் பொருந்தும். எப்படி, எங்கே, என்ன எழுதி வைத்தார் என்பது வேண்டாம். எப்படி வாழ்ந்தார், என்ன நோயோடு போராடினார், அந்த நோய்க்கு எங்கே உதவி கிடைக்கும் என்பது போதும்.

இனி, கேட்கச் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் தற்கொலையால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் கையில் இருந்தது துப்பாக்கி. நிதிக் கச்சேரி மேடைகளில் மனச்சோர்வு, தனிமை, நம்பிக்கை என்று எல்லாம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். துப்பாக்கி என்ற சொல் மட்டும் வருவதில்லை. காரணம் புரிகிறது. அந்தச் சொல்லை எடுத்தாலே அரசியல் வந்துவிடும், அரங்கம் இரண்டாகிவிடும், பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஒரு கன்ட்ரி இசை விழாக் கூட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்தப் பயம் இன்னும் இறுகிவிட்டது. அன்று அங்கே உயிர் தப்பியவர்களில் பலர் சுமக்கும் மனக்காயம் நீங்கள் நன்றாக அறிந்தது.

ஆனால் நான் கேட்பது சட்டத்தைப் பற்றி அல்ல. யாரும் துப்பாக்கியை ஒப்படைக்கத் தேவையில்லை. கேட்பதெல்லாம் இதுதான்: மனசு சரியில்லாத நாட்களில் துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள், சாவியை வேறொருவரிடம் கொடுங்கள், முடிந்தால் நண்பர் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் சாகும் வேகம் பெரும்பாலும் வந்து போகிற ஒன்று. ஹூஸ்டனில் மிகக் கடுமையான முயற்சியிலிருந்து பிழைத்தவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வில், நான்கில் ஏறத்தாழ ஒருவர், முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று சொன்னார்கள். தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிவிட்டால் ஒரு முழு வாழ்க்கை மிச்சமிருக்கிறது.

உங்களில் பலர் வேட்டைக்குப் போகிறவர்கள், அப்பாவின் துப்பாக்கியைப் பொக்கிஷமாக வைத்திருப்பவர்கள். அதனால்தான் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்கிறேன். நான் சொன்னால் வெளியூர்க்காரன் உபதேசம். நீங்கள் சொன்னால் அண்ணன் சொல்வது போல இருக்கும். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ஐ ஒட்டி இப்படித்தான் ஒரு வேலை தொடங்கியது. ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் தற்கொலையால் இறந்தார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். வாங்க வருகிறவரின் முகத்தில் என்ன கவனிக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்குக் குறிப்பு எழுதினார்கள், உதவி எண் உள்ள சுவரொட்டியைக் கடையிலேயே ஒட்டினார்கள். துப்பாக்கியை நேசிப்பவர்களே முன்னின்று செய்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஆபத்தை நகர்த்தி வைத்தால் உயிர் பிழைக்கும் என்பது எங்கள் பக்கத்து மண்ணிலேயே நிரூபணமான விஷயம். இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது, லட்சத்துக்கு 47 பேர். கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 1995-க்கும் 2015-க்கும் இடையே ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த இருபது ஆண்டில் அங்கே போர் நடந்தது, சுனாமி வந்தது, மக்களின் துயரம் குறையவில்லை. வீட்டுக் கொல்லையில் இருந்த ஆபத்து குறைந்தது, அவ்வளவுதான். டென்னசியில் தடையெல்லாம் வராது, நான் கேட்கவும் இல்லை. ஒரு பூட்டும், சாவியை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு நண்பரும் போதும் என்கிறேன்.

மேடையில் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றால், நான் எழுதிப் பார்த்ததை இங்கே வைக்கிறேன். உங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதில் வரும் 988, தற்கொலைத் தடுப்பு உதவி எண்.

"இந்தக் கூட்டத்துல இன்னைக்கு ஒருத்தர் ரொம்ப வலியோட உக்காந்திருக்கீங்க. எனக்கு உங்க பேர் தெரியாது. ஆனா நீங்க இருக்கீங்கன்னு தெரியும். நானும் அந்த நாற்காலியில இருந்திருக்கேன். ஃபோன் எடுத்து 988-ன்னு போடுங்க, பேசப் பிடிக்கலைன்னா மெசேஜ் அனுப்புங்க. ராணுவத்துல இருந்தவங்க 988 போட்டு 1-ஐ அழுத்துங்க. வீட்ல துப்பாக்கி இருந்தா, இன்னைக்கு ராத்திரியே உங்க கூட்டாளிகிட்ட கொடுத்து வைங்க. கூட்டாளிங்களே, உங்ககிட்ட யாராவது கொண்டுவந்து கொடுத்தா ஏன்னு துருவாதீங்க, வாங்கி வைங்க. அப்புறம், 'செத்துடலாம்னு தோணுதா'ன்னு நேராவே கேளுங்க. கேக்குறதால யாருக்கும் அந்த எண்ணம் புதுசா வந்துடாது."

இதில் "நானும் அந்த நாற்காலியில இருந்திருக்கேன்" என்ற வரியை, உண்மையிலேயே இருந்தவர் மட்டும் சொல்ல வேண்டும். மற்றபடி இவ்வளவையும் நிதானமாகச் சொன்னாலும் ஐந்து நிமிடம் ஆகாது. மிச்ச நேரம் பிழைத்து வந்தவர் ஒருவருக்கு. தயவுசெய்து கடைசிப் பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். அதற்குள் பாதிக் கூட்டம் வண்டியை எடுக்கப் போய்விடும்.

பணத்தைப் பற்றி. கச்சேரி என்றால் பணம் சேரும், சேர வேண்டும். நிதிக் கச்சேரி நடத்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்ட்ரி இசைச் சங்கம் நடத்தும் சிஎம்ஏ ஃபெஸ்ட் விழாவில் பாடகர்கள் சம்பளம் வாங்காமல் பாடுவதும், அந்த வருமானத்தில் ஒரு பகுதி இசைக் கல்விக்குப் போவதும் எனக்குத் தெரியும். வில்லி நெல்சனும் நண்பர்களும் 1985 செப்டம்பர் 22 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பேன் நகரில் நடத்திய ஃபார்ம் எய்ட் கச்சேரியை நான் இந்த விஷயத்தில் முன்மாதிரியாகக் கொள்கிறேன். கடனில் நிலத்தை இழந்துகொண்டிருந்த உழவர்களுக்காக ஒரு நாள் பாடினார்கள். ஒரு நாளோடு நிற்கவில்லை. உழவர்கள் அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண்ணைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். மனம் உடைந்த உழவருக்குக் கடன் ஆலோசனை, வக்கீல், மனநல உதவி என்று எது வேண்டுமோ அங்கே கைகாட்டுகிறார்கள். கடன் ஓலை வந்து நிற்கும் வீட்டில் மனநலத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய முடியாது என்பதை அவர்கள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள்.

உங்கள் பணமும் அப்படிப்பட்ட, படம் எடுக்க எதுவும் இல்லாத வேலைகளுக்குப் போகட்டும். 988 என்ற மூன்று இலக்க எண் 2022 ஜூலை 16 அன்று நாடு முழுவதும் வந்தது. எண் ஒன்றுதான். ஆனால் எடுத்துப் பேசுகிறவர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் மையங்களில் இருக்கிறார்கள். தொலைபேசிக் கட்டணத்தோடு இதற்கென ஒரு சிறு தொகையை வசூலிக்கச் சட்டம் மாநிலங்களை அனுமதித்தும், சில மாநிலங்கள்தான் அதைச் செய்திருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு அழைப்பை எடுக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பதைவிடப் பெரிய நன்கொடை எனக்குத் தெரியவில்லை. விழிப்புணர்வு ரிப்பன்களும் டி-சட்டைகளும் போதுமான அளவு வந்துவிட்டன.

இன்னொரு செலவையும் சொல்கிறேன், தபால்தலைச் செலவு. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தபோது, அறிமுகமான ஒரு பெண் எதையும் எதிர்பார்க்காமல் எழுதிய கடிதங்கள் தனக்கு எவ்வளவு துணையாக இருந்தன என்பதை அவர் மறக்கவில்லை. பின்னாளில், மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, தொடர்சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்குப் போன 843 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது சின்னக் கடிதம் அனுப்ப வைத்தார். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், மகிழ்வோம். அவ்வளவே. மருந்து சாப்பிட்டீர்களா, ஏன் வரவில்லை என்ற விசாரணை எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. டென்னசியின் ஒரு சின்ன மருத்துவமனை இதைச் செய்ய ஒரு பகுதி நேர ஊழியரும் தபால்தலைகளும்தான் தேவை. ஒரு கச்சேரி வருமானத்தில் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

விளம்பரதாரரைப் பற்றி ஒரு வரி. அன்று ஒரு இரவு மட்டும் மதுபானக் கம்பெனியின் பெயர் மேடைக்கு மேலே வேண்டாம். குடியும் தற்கொலையும் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பேசிக்கொண்டே அந்தப் பலகையின் கீழ் நிற்க முடியாது.

அப்புறம், மேடையில் நிற்கும் உங்களைப் பற்றி. வருடத்தில் பாதி நாள் பேருந்திலேயே தூங்கி, பிள்ளையின் பிறந்தநாளை ஃபோனில் பார்த்து, கச்சேரி முடிந்த இரவில் இருபதாயிரம் பேர் கைதட்டல் அடங்கியதும் தனி அறைக்குப் போகிற வாழ்க்கை உங்களுடையது. பிராங்க்ளின் நகரில் போர்ட்டர்ஸ் கால் என்ற இடம் 2001 முதல் இசைக்கலைஞர்களுக்குக் கட்டணமில்லாமல் ஆலோசனை தருகிறது. அதைப் போன்ற கதவுகள் நட்சத்திரத்துக்கு மட்டும் இல்லாமல், ஸ்டீல் கிதார் வாசிப்பவருக்கும், ஒலிபெருக்கி தூக்குபவருக்கும், பேருந்து ஓட்டுநருக்கும் திறந்திருக்கப் பாருங்கள். நிதிக் கச்சேரியில் நட்சத்திரம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கலாம், அது பெருமை. ஆனால் அன்றாடக் கூலிக்கு வந்த மேடைத் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். வாடகை கட்ட முடியாத கவலையும் மனநலப் பிரச்சினைதான்.

இதைப் படிக்கும் தமிழ் மக்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் இருப்பவர்கள், ஆங்கிலத்தில் மனதைத் திறக்கத் தயங்கினால், 988-ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். 240-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அந்த ஏற்பாடு உண்டு. ஊரில் அப்பா அம்மாவுக்கோ தம்பிக்கோ தேவைப்பட்டால், இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926. நம் சங்கங்களின் பொங்கல் விழா மேடையிலும் இந்த எண்களைச் சொல்ல இரண்டு நிமிடம் கிடைக்கும் என்று நம்புகிறேன். நம் வீடுகளிலும் "குறை ஒண்ணும் இல்லை" என்ற பதில் குறைவில்லாமல் இருக்கிறது.

நாஷ்வில் நண்பர்களே, மீண்டும் உங்களிடம் வருகிறேன். கழிப்பறைக் கதவுகளின் உட்புறத்தில் 988 என்ற எண்ணை ஒட்டி வையுங்கள். யாரும் பார்க்காமல் ஒருவர் அதைக் குறித்துக்கொள்ள அரங்கத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான். இருக்கை காட்டுபவர்களுக்கும் வாசலில் நிற்பவர்களுக்கும் கியூபிஆர் என்ற தற்கொலைத் தடுப்புப் பயிற்சியைக் கொடுங்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அரங்கத்தின் ஓரத்தில் சத்தம் எட்டாத ஒரு அறையை ஒதுக்கி, இரண்டு ஆலோசகர்களை உட்கார வையுங்கள். டென்னசி தற்கொலைத் தடுப்பு வலையமைப்பிடம் கேட்டால் ஆட்களைக் காட்டுவார்கள்.

நானும் அந்தப் பயிற்சியை முடித்திருக்கிறேன். அடுத்த கச்சேரியின் தன்னார்வலர் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கச் சொன்னாலும் சரி, அந்த அறைக்கு வழிகாட்டச் சொன்னாலும் சரி, கூட்டம் கலைந்த பிறகு வண்டிகள் நிற்கும் இடத்தில் கடைசி ஆள் கிளம்பும்வரை இருக்கச் சொன்னாலும் சரி. தெருக்கோடிப் பெரியவருக்கும் சேர்த்து இரண்டு சீட்டு எடுத்து வைக்கிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
டென்னசியிலிருந்து உங்கள் ரசிகன்